ஊதா மூடிக் குழாய்

ரத்தம் எடுப்பதில் எனக்குக் கைராசி உண்டு என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். குழந்தைகள் வார்டிலிருந்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார்கள். நரம்பே அகப்படவில்லை என்று மற்றவர்கள் கைவிட்ட கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். இருபத்து மூன்று வருட லேப் வேலையில் என்மேல் ஒரு புகார் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. என் வேலையை ஒழுங்காகச் செய்தவள் என்பதும் உங்கள் விசாரணையில் பதிவாகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

என் அண்ணனைப் பற்றி முதலில் கேட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவர் இதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முப்பத்தைந்து வருடம் நான்கு லிஃப்ட்டுகளையும் அவர்தான் கட்டி மேய்த்தார். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. லிஃப்ட் அண்ணன் என்றால் பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரைக்கும் தெரியும். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் முதலில் அவர் கருவிப் பெட்டியைத் தூக்க மாட்டார். கதவருகே போய் நின்று உள்ளே இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். "ஒண்ணும் ஆகாது, அப்படியே கீழே உக்காருங்க. நீங்களா கதவைத் திறக்காதீங்க." உள்ளே மாட்டிக்கொண்டவன் எவனும் செத்ததில்லை, பொறுமையில்லாமல் வெளியே குதித்தவன்தான் செத்திருக்கிறான் என்பார். எனக்கும் வாழ்நாள் முழுக்க அவர் சொன்னது அதைத்தான், வேறு வேறு வார்த்தைகளில்.

அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போனபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்கு இருபத்து மூன்று. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் தலையைப் பின்னிவிட எந்தப் பெண்ணிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, கம்பி வடத்தைப் பிரித்துப் பிரித்துப் பழகினார். அவர் போட்ட முதல் பின்னல் லிஃப்ட் வடம் மாதிரியே இறுக்கமாக இருந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க என் புருவம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. படிக்க வைத்தார். லேப் படிப்பு முடித்ததும் இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார். தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு லேப் வாசலில் வந்து நிற்பார், சேர்ந்து வீட்டுக்குப் போவோம். வீட்டுக்குச் சாவி ஒன்றுதான். இன்னொன்று செய்யலாமா என்று கேட்டால், "எதுக்கு? நான்தான் இருக்கேனே" என்பார்.

அவர் என்னை ஒருநாளும் திட்டியதில்லை. கை ஓங்கியதில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். எனக்கு இருபத்தெட்டு வயதாக இருக்கும்போது எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்த ஒருவர் என்னைப் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தார். எனக்கும் விருப்பம். அண்ணன் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார், நன்றாகப் பேசினார், தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். ஒன்பது நாள். பத்தாவது நாள் நான் எக்ஸ்ரேக்காரரிடம் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் அண்ணன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

நாற்பத்தொன்றாவது வயதில் வேறு ஊரிலிருந்த ஒரு பெரிய லேப் என்னைக் கூப்பிட்டது. கடிதம் வந்த அன்று குளியலறையில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். நான் போகவில்லை. நாற்பத்தாறு வயதிலும் என்னை அவர் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி காரிடாரில், எல்லோர் முன்னாலும்.

போன வருடம் அதே லேப்பிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை நான் என் மேஜை இழுப்பறையில் கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகக் கல் இருக்குமோ என்று எடுத்தது. கல் இல்லை. வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓர் இடத்தில் புடைத்திருந்தது. ஐந்து புள்ளி எட்டு சென்டிமீட்டர்.

சர்ஜன் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சைக்கிள் ட்யூப் ஓர் இடத்தில் மட்டும் உப்பிக்கொண்டு நிற்குமே, அதுபோல. ஐந்தரையைத் தாண்டிவிட்டால் வயிற்றைத் திறந்து அந்தத் துண்டை மாற்றிவிடுவதுதான் நல்லது என்றார். சிறுநீரகத்துக்குப் போகும் கிளைகளுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பதால் தொடை வழியாகக் குழாய் விட்டுச் சரிசெய்ய முடியாது.

"எவ்வளவு நாள் தாங்கும் டாக்டர்?" என்று கேட்டார் அண்ணன். "எங்க வடத்துக்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு."

"இதுக்குக் கணக்கு கிடையாதுண்ணே. நாளைக்கே போகலாம், அஞ்சு வருஷமும் இருக்கலாம்."

ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அண்ணனுக்கு ஊசி என்றால் உயிர் போகும் பயம். அதுவரை ஒருமுறைகூட ரத்தம் கொடுத்துப் பார்த்ததில்லை. "பாப்பா எடுத்தா எடுக்கட்டும், இல்லாட்டி வேணாம்" என்றார். நான்தான் எடுத்தேன். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் எடுத்து இயந்திரத்தில் ஓட்டினேன். பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம் என்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். பிளேட்லெட்டுதான் ரத்தத்தை உறைய வைப்பது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து தடவியிருப்பார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு அந்த மருந்து பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடும். இயந்திரத்துக்குக் கட்டியைப் பிரித்து எண்ணத் தெரியாது. இருபது முப்பது சேர்ந்து நிற்பதை விட்டுவிட்டு, தனியாகத் திரிவதை மட்டும் எண்ணும். அதனால் தாளில் குறைவாக வரும். உடம்புக்குள் எந்தக் குறையும் இருக்காது. ஒரு துளியைக் கண்ணாடியில் இழுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். நீல மூடிக் குழாயில் வேறு மருந்து; அதில் எடுத்தால் சரியான எண்ணிக்கை வரும். இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, லேப் படிப்பில் சொல்லிக் கொடுப்பதுதான்.

நான் ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். ரத்தப் பூச்சின் ஓரத்தில் ஈர மணலைக் கிள்ளிப் போட்டதுபோலக் கட்டிகள் கிடந்தன. அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை.

உடனே சர்ஜனுக்குப் போன் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இயந்திரத்தின் எண் அதற்குள் கம்ப்யூட்டரில் மேலே சர்ஜனுக்குப் போயிருந்தது. நான் போனை எடுக்கும்போது அண்ணனே லேப் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பா, தப்பிச்சேன். பிளேட்லெட் கம்மியாம். இப்போ கத்தி வைக்க முடியாதாம். தள்ளிப் போட்டுட்டாங்க."

ஒரு வாரமாகத் தூங்காமல் கிடந்தவர். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது சீட்டியடித்துக்கொண்டே வந்தார். ஒருநாள் நிம்மதியாக இருக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். இது தவறா என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் இன்னொன்றும் தோன்றியது. ஆபரேஷன் என்றால் ஆறு மாதம் லீவு போட்டுவிட்டுக் கூட இருக்க வேண்டும் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். தள்ளிப் போய்விட்டால் நான் முதலில் அந்த வேலையில் போய்ச் சேர்ந்துவிடலாம். சேர்ந்த பிறகு அங்கிருந்து சர்ஜனிடம் சொன்னால் போயிற்று. எதற்கும் நீல மூடியில் ஒருமுறை பாருங்கள் என்று ஒரு வார்த்தை. நான் நினைத்தது வெறும் இரண்டு மாதம்தான்.

ரிப்போர்ட்டில் எண்ணுக்குக் கீழே ஒரு கட்டம் உண்டு. அதில் ஸ்லைடு பார்க்கப்பட்டது என்று எழுதினேன். பார்த்தேன்தானே. எங்கள் பாத்தாலஜி டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். நான் எழுதியதன் கீழே கையெழுத்துப் போடுவார். அவரை இதில் இழுக்காதீர்கள். நான் ஓர் எண்ணையும் மாற்றியதில்லை. இயந்திரம் சொன்னதுதான் தாளில் இருக்கிறது.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு மனசு இளகியிருந்த நேரம் பார்த்துத்தான் சொன்னேன்.

"போயிட்டு வா பாப்பா. நல்ல வேலைதான். ஆனா இனிமே வாராவாரம் ரத்தம் எடுத்துப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்களே." சட்டைக் கையைச் சுருட்டி, நான் குத்திய இடத்தைத் தடவிப் பார்த்தார். "பரவால்ல. வேற யாராவது குத்தட்டும். பழகிக்கறேன்."

வேறு யாராவது ரத்தம் எடுத்து ஸ்லைடு பார்த்தால் அன்றைக்கே கட்டிகள் தெரிந்துவிடும். மறுநாள் நான் அந்த லேப்புக்கு வர இயலாது என்று எழுதிப் போட்டேன். அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெளியே போவதற்காக ஒரு கதவைத் திறக்கப் போய், நானே உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அப்படியே இரண்டு வாரம் ஓடிவிட்டது. மூன்று ரிப்போர்ட்டுகள் போய்விட்டன. மூன்றிலும் ஸ்லைடு பார்க்கப்பட்டது என்று என் கையெழுத்தில் இருந்தது. இனிமேல் போய்ச் சொன்னால் முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். சாயங்காலம் ஆகும்போது சொல்வதற்கு இன்னும் ஒருநாள் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

சர்ஜனும் ஒரு பொது மருத்துவ டாக்டரும் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். சர்ஜன் மனம் விட்டுப் பேசுபவர். "குழாயைக் கிடுக்கி போட்டுப் பிடிச்சு மாத்தற நேரத்துல ரத்தம் உறையாம இருக்க நாங்களே மருந்து கொடுப்போம். ஏற்கெனவே பிளேட்லெட் இல்லாத உடம்புல அதையும் கொடுத்தா தையல் போட்ட ஒவ்வொரு ஓட்டை வழியாவும் ஒழுகும். ஐம்பதாயிரமாவது வேணும், லட்சம் இருந்தா நிம்மதி" என்றார். அப்புறம், "வீங்கின குழாயே பிளேட்லெட்டைத் தின்னுதோ என்னவோ. சில பேருக்கு அப்படியும் உண்டு. அப்படின்னா ஆபரேஷன் பண்ணினாத்தான் பிளேட்லெட் ஏறும். பிளேட்லெட் ஏறினாத்தான் ஆபரேஷன் பண்ண முடியும். நான் எங்கே போய் முட்டிக்கறது?" என்றார்.

அண்ணன் சிரித்தார். "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது டாக்டர். அவசரப்படாதீங்க. பாத்துப் பண்ணுங்க."

பொது மருத்துவ டாக்டர், உடம்பே தன் பிளேட்லெட்டை அழிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் அண்ணனின் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டது. சர்க்கரை ஏறியது. ரத்த அழுத்தமும் ஏறியது. ஊதிய குழாய்க்கு அது ஆகவே ஆகாது. ஏணி இல்லாமலே சுவரேறுபவர், வாசல்படி ஏற என் தோளைப் பிடித்தார். காரணமில்லாமல் அழுதார். அழுதுவிட்டு, "இந்த மாத்திரை பண்ற வேலை பாப்பா, கண்டுக்காதே" என்றார்.

எண் ஏறவில்லை. எப்படி ஏறும்? இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். இரண்டு முறை, முதல் தடவை எடுத்தது போதவில்லை. மரக்கட்டையில் திருகாணி இறக்குவதுபோல இருக்கும் அது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டே, "நீ வெளியே போயிடு, உன்னால பாக்க முடியாது" என்றார். நான் போகவில்லை. கூட இருந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வேறு யாரோ கொடுத்த பிளேட்லெட்டை நான்கு பை ஏற்றிப் பார்த்தார்கள். அடுத்த நாள் நான் ரத்தம் எடுத்து ஓட்டினேன். முப்பத்தாறாயிரம். ஏற்றியதையும் உடம்பு தின்றுவிட்டது என்று டாக்டர்கள் கவலைப்பட்டார்கள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப் போயிற்று. ஒரு தப்பான எண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு பொருத்தமாக ஒரு நோயைக் கட்டி எழுப்ப முடியும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

ஸ்கேன் மூன்றாம் மாதம் ஆறு புள்ளி ஒன்று. ஐந்தாம் மாதம் ஆறரை. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, கையுறைப் பெட்டிக்கு அடியில், பழைய கடிதம் இருந்த இடத்தில் வைத்தேன். எதற்கு எழுதினாய் என்று கேட்டீர்கள். நான் அவர் சாவுக்குக் காத்திருந்தேன் என்று நீங்கள் எழுத நினைத்தால் எழுதலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நடப்பது தானாக நடக்கட்டும் என்று இருந்தேன். அந்த நாட்களில் எனக்குக் காலையில் நல்ல பசி எடுத்தது. அது ஏன் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

சந்தேகம் வந்தது ஒருவருக்குத்தான். ஒருநாள் மதியம் சர்ஜன் லேப்புக்கு இறங்கி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவ்வளவு கம்மியா இருக்கறவருக்கு உடம்புல ஒரு ரத்தக் கன்றல்கூட இல்லையே. மஜ்ஜை எடுத்த இடத்துல பஞ்சு வச்சு ரெண்டு நிமிஷத்துல நின்னுடுச்சாம். ஸ்லைடை நீங்களேதானே பாத்தீங்க? கட்டி கிட்டி ஏதாவது?"

அன்றைய ஸ்லைடு மைக்ரோஸ்கோப்பில்தான் இருந்தது. அவர் கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் போதும்.

"பாத்தேன் டாக்டர்," என்றேன். "கட்டி எதுவும் இல்ல."

அவர் குனியவில்லை. "நீங்க பாத்தா சரி" என்று எழுந்து போய்விட்டார். வேறு யாராக இருந்தாலும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். சொந்த அண்ணன் விஷயத்தில் ஒருத்தி பொய் சொல்வாள் என்று யாருக்குத் தோன்றும்? நான் சொன்ன பொய் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். இதை நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியவும் வழியில்லை.

சமையலறையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த எக்ஸ்ரே தம்பி வந்துட்டுப் போனப்ப எனக்கு வயித்துல ஒண்ணும் இல்ல."

"தெரியும்ணா."

"தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலியே நீ." பிறகு, "தலை சுத்தினதும் அப்படித்தான். பயம் பாப்பா. நீ போயிட்டா வீட்டுல நான் என்ன பண்ணுவேன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல. உன்னை நான் பிடிச்சு வச்சுட்டேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"அந்த லேப்புக்கு இன்னொரு தடவை எழுதிப் போடு. இடம் இருந்தா கிளம்பிடு. ஆபரேஷனை நான் பண்ணிக்கறேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், ரத்தம் நிக்காட்டிப் போகட்டும், பண்ணிடுங்கன்னு. வாரம் முழுக்க இதையேதான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். உனக்குக் கோபம் இருந்தா இப்பவே திட்டிடு. வாங்கிக்கறேன்."

"கோபமெல்லாம் இல்லண்ணா," என்றேன். "டீ போடட்டுமா?"

அவர் தலையாட்டினார். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினார். முப்பத்தேழு வருடத்தில் அவர் என்னிடம் மறைத்தது இரண்டு விஷயம். இரண்டையும் ஒரே மூச்சில் என் முன்னால் வைத்துவிட்டார். அடுத்தது என் முறை. நான் டீ டம்ளரைக் கழுவி வைத்தேன்.

புதன்கிழமை ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். பிளேட்லெட் பைகள் தயாராக வைத்திருந்தார்கள். திங்கள் காலை கடைசிப் பரிசோதனைக்கு நான் ரத்தம் எடுக்கப் போனேன். கோட்டுப் பையில் ஒரு நீல மூடிக் குழாயையும் வைத்துக்கொண்டு போனேன். வேண்டுமென்றே எடுத்து வைத்ததுதான். கட்டிலில் சாய்ந்துகொண்டு அண்ணன் கையை நீட்டினார். என் பையிலிருந்து மூடி எட்டிப் பார்த்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன பாப்பா, இன்னிக்கு நீலம்?"

"அது வேற ஆளுக்கு."

ஊதா மூடியில் எடுத்தேன். முப்பத்தோராயிரம். இந்த எண்ணில் மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று மயக்க மருந்து டாக்டர் ஒரே பிடியாக நின்றார். வெளியிலிருந்து ஒரு மருந்து வரவழைத்து ஏற்றிப் பார்த்த பிறகு செய்யலாம், பத்து நாள் தள்ளிப் போடலாம் என்று முடிவாயிற்று. அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு லேப்புக்குப் போன் வந்தது. அவரேதான். "பாப்பா, முதுகு பிடிச்சுக்கிட்டு வலிக்குது. அவசரமில்ல. கையில இருக்கற வேலையை முடிச்சுட்டு வா."

ஊதிய குழாய் உள்ளவருக்கு முதுகு வலித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் கையில் ஆறு குழாய்கள் இருந்தன. ஆறையும் ஓட்டி, ரிப்போர்ட் போட்டு, கைகழுவிவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். இருபத்தைந்து நிமிடம். அவர்தான் அவசரமில்லை என்றாரே. நாங்கள் போனபோது கதவைத் திறந்து வைத்துவிட்டு அதற்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று திறந்திருக்கிறார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சர்ஜன் எண்ணையெல்லாம் பார்க்காமல் நேரே மேஜையில் போட்டுத் திறந்தார். ஒன்று நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது.

மூன்றாம் நாள் சர்ஜன் மறுபடியும் லேப்புக்கு வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"வயித்துக்குள்ள ரத்தம் கட்டி கட்டியா உறைஞ்சு கிடந்தது. நல்லா, இறுக்கமா. முப்பத்தோராயிரம் பிளேட்லெட்டுல அப்படி உறையாது. அவர் ஸ்லைடெல்லாம் இருக்கா?"

"இருக்கு டாக்டர். தேதிவாரியா இருக்கு."

பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். தூக்கிப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டது நியாயம்தான். ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது லேப் விதி. விதியை மீறிப் பழக்கமில்லை எனக்கு. அவர் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இருபத்துநான்கு ஸ்லைடு. இரண்டாவதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, இருந்தும் எல்லாவற்றையும் பார்த்தார்.

"முதல் நாள்லேர்ந்தா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"முதல் நாள்லேர்ந்து," என்றேன்.

அவர் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவரே போகச் சொன்ன பிறகு, போவதற்கு எந்தத் தடையும் இல்லாதபோது, நீல மூடிக் குழாயைக் கையோடு கொண்டுபோயும் ஏன் அதில் எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். நானும் அதைப் பல நாள் யோசித்தேன். அன்று எனக்கு அவர்மேல் கோபம் துளியும் இல்லை. அந்த லேப்புக்குப் போக வேண்டும் என்ற ஆசைகூட இல்லை. நீல மூடியில் எடுத்திருந்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்திருக்கும். புதன்கிழமை ஆபரேஷன் நடந்திருக்கும். பெரும்பாலும் பிழைத்திருப்பார். பிழைத்து வந்தவரிடம் என்றைக்காவது யாராவது சொல்லியிருப்பார்கள், உனக்கு வந்த நோய் உன் தங்கச்சி எழுதியது என்று. அந்த மாத்திரை, அந்த ஊசி, அந்த அழுகை எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். அப்போது அவர் என்னைப் பார்க்கிற பார்வையை நான் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

என்னை வளர்த்தவர் அவர். மேஜையில் படுக்க வைத்தபோதுகூட நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி லேப்ல இருக்கா, என் ரத்தத்தைப் பத்தி அவளுக்குத்தான் எல்லாம் தெரியும், அவகிட்ட கேளுங்க" என்றாராம். மயக்கம் ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். கடைசி வரைக்கும் அவருக்கு என்மேல் ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை.

அந்த நம்பிக்கையை நான் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன்.